சிலுவைக்கு மேலே ஒரு பலகை: மேசியா எப்படிப்பட்ட ராஜா?

கத்தோலிக்கக் கோயில்களில் பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள். இயேசுவின் தலைக்கு மேலே சின்னதாக ஒரு பலகை இருக்கும். அதில் ஐ, என், ஆர், ஐ என்று நான்கு எழுத்துகள். சின்ன வயதில் அதைச் சிலுவை செய்து விற்கும் கம்பெனியின் பெயர் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது ஒரு லத்தீன் வாசகத்தின் சுருக்கம். ‘நசரேயனாகிய இயேசு, யூதருடைய ராஜா’ என்று பொருள்.

இதை எழுதி மாட்டியவர்கள் சீடர்கள் இல்லை. மரண தண்டனை விதித்த ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து எழுதி வைத்தது. இவன் எந்தக் குற்றத்துக்காகச் சாகிறான் என்று போவோர் வருவோருக்குத் தெரியட்டும் என்பதற்கான பலகை அது. எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழியிலும் எழுதியிருந்தது என்கிறது யோவான் சுவிசேஷம். ஆக, அந்த இடத்தில் ‘ராஜா’ என்பது பட்டம் இல்லை, குற்றச்சாட்டு. கொஞ்சம் கிண்டலும்கூட.

பிற்பாடு கிறிஸ்தவர்கள் செய்த வேலை விசித்திரமானது. எதிராளி கிண்டலாக எழுதியதை அழிக்காமல், அதையே தங்கள் விசுவாசமாக வைத்துக்கொண்டார்கள். ஆமாம், இவர் ராஜாதான். அதுவும் அந்தச் சிலுவையில் இருக்கும்போதே ராஜாதான் என்றார்கள். மேசியாவின் அரசத்துவம் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வதெல்லாம் இந்த இடத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆனால் இங்கே வந்து சேர, ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயர் இல்லை, பதவியின் பெயர். எபிரெயத்தில் ‘மாஷியாக்’. அதுதான் நம் வாயில் மேசியா, மெசியா என்று ஆனது. அதையே கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்றார்கள். இரண்டுக்கும் நேர்ப்பொருள் ஒன்றுதான்: எண்ணெய் பூசப்பட்டவர். தமிழில் பழைய வேதாகமம் ‘அபிஷேகம்பண்ணப்பட்டவர்’ என்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் ‘அருள்பொழிவு பெற்றவர்’ என்கிறது.

அபிஷேகம் என்றதும் நமக்குக் கோயில் மூலவர் நினைவுக்கு வரலாம். அதைவிட ‘பட்டாபிஷேகம்’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் சரியாக வரும். ராஜா என்றால் கிரீடம் என்பது நம் மனப்படம். பழைய இஸ்ரவேலில் ராஜா என்றால் முதலில் எண்ணெய். ஆசாரியர்களுக்கும் எண்ணெய் ஊற்றுவார்கள், சில சமயம் தீர்க்கதரிசிக்கும் உண்டு. ஆனால் ‘கர்த்தருடைய அபிஷேகம்பெற்றவர்’ என்றால் பெரும்பாலும் ராஜாதான். இந்த வழக்கம் இன்னும் சாகவில்லை. 2023 மே மாதம் லண்டனில் மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டியபோது, அதற்கு முன்பு மறைப்புக்குள் வைத்து எண்ணெய் பூசினார்களே, அது இந்தச் சடங்கின் வாரிசுதான். அந்த எண்ணெயும் ஒலிவமலையில் விளைந்த ஒலிவக் காய்களிலிருந்து எடுத்து, எருசலேமில் அர்ச்சித்துக் கொண்டுவரப்பட்டது.

தாவீதுக்கு எண்ணெய் ஊற்றிய காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பெத்லகேமில் ஈசாய் என்பவர் வீடு. சாமுவேல் தீர்க்கதரிசி கொம்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். ஈசாய் தன் பிள்ளைகளை வரிசையாக அழைத்து முன்னால் நிறுத்துகிறார். மூத்தவன் நல்ல உயரம், பார்க்க லட்சணம். சாமுவேலே ‘இவன்தான்’ என்று நினைத்துவிடுகிறார். இல்லை. ஏழு பேர் கடந்து போகிறார்கள், ஏழு பேரும் இல்லை. ‘பிள்ளைகள் இவ்வளவுதானா?’ என்று கேட்டால், ‘கடைசிப் பையன் ஒருத்தன் இருக்கிறான், ஆடு மேய்க்கப் போயிருக்கிறான்’ என்கிறார் அப்பா. கூப்பிட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவன் வரும்வரை பந்தியில் உட்கார மாட்டோம் என்று சாமுவேல் சொல்லிவிட, பையன் வருகிறான். அண்ணன்கள் நடுவே அவன் தலையில் எண்ணெய் இறங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அப்போது அரியணை காலியாக இல்லை, சவுல் ராஜாவாக இருக்கிறார். எண்ணெய் ஊற்றிய பிறகும் தாவீது ஆடு மேய்த்தார், சவுலுக்கு யாழ் வாசித்தார், அப்புறம் அதே சவுலுக்குப் பயந்து குகைகளில் ஒளிந்து திரிந்தார். அரியணை ஏறும்போது அவருக்கு வயது 30. எண்ணெய் ஊற்றிய நாளுக்கும் அரியணை ஏறிய நாளுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. இதைக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜா என்ற அமைப்பைப் பற்றியே பைபிளுக்குச் சந்தேகம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மற்ற ஜனங்களைப் போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, சாமுவேல் ஒரு பட்டியல் வாசிக்கிறார். உங்கள் மகன்களை ரதம் ஓட்டவும் தன் வயலை உழவும் எடுத்துக்கொள்வான். மகள்களைத் தைலம் செய்யவும் சமைக்கவும் ரொட்டி சுடவும் எடுத்துக்கொள்வான். நல்ல நிலமும் தோட்டமும் அவன் ஆட்களுக்குப் போகும். தானியத்தில் பத்தில் ஒரு பங்கு வரி. எடுத்துக்கொள்வான், எடுத்துக்கொள்வான் என்றே அந்தப் பேச்சு போகிறது. உங்களுக்கு ராஜா ஏற்கெனவே இருக்கிறார், அவர் கடவுள் என்பதுதான் உள்ளே இருக்கும் வாதம். எடுத்துக்கொள்ளும் ராஜாவுக்கு எதிர்ப்பதம் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் புதிய ஏற்பாட்டில் வருகிறது.

அப்புறம் வாக்குறுதி. தாவீது எருசலேமில் நிலைபெற்ற பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வழியாக ஒரு வார்த்தை வருகிறது: உன் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைக்கும். இரண்டாம் சாமுவேல் 7-ஆம் அதிகாரம். மேசியா பற்றிய எதிர்பார்ப்பின் வேர் இதுதான்.

ஆனால் வரலாறு அப்படிப் போகவில்லை. கி.மு. 586 வாக்கில் பாபிலோனிய ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைத் தரைமட்டமாக்கியது. தாவீதின் வம்சத்தில் கடைசியாக ஆண்ட சிதேக்கியாவின் கண்முன்னே அவன் பிள்ளைகளை வெட்டி, பிறகு அவன் கண்களைப் பிடுங்கி, சங்கிலி போட்டுக் கொண்டுபோனார்கள். அதோடு தாவீதின் சிங்காசனம் காலி. என்றென்றைக்கும் என்று சொன்ன வாக்கு என்ன ஆயிற்று? இந்த ஏமாற்றத்திலிருந்துதான் மேசியா எதிர்பார்ப்பு பெரிதாக வளர்ந்தது. வெட்டிய அடிமரத்திலிருந்து ஒரு துளிர் வரும் என்ற ஏசாயாவின் வரிகளை மக்கள் இந்தக் கண்ணோடு படித்தார்கள். சகரியா, கழுதையின்மேல் ஏறி வரும் தாழ்மையான ராஜாவைப் பாடினார். தானியேல் புத்தகத்தில் மேகங்களோடு வரும் ‘மனுஷகுமாரன்’ நித்திய ஆளுகையைப் பெறுகிறார்.

எல்லாருக்கும் ஒரே எதிர்பார்ப்பு இருந்தது என்று நினைக்க வேண்டாம். சிலர் போர்வீரனை எதிர்பார்த்தார்கள், சிலர் ஆசாரியனை, சிலர் இருவரையும். ஏசாயா 45-இல் பாரசீக ராஜா கோரேசு, அதாவது யூதர் அல்லாத ஒருவர், கர்த்தரால் அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்று அழைக்கப்படுகிறார். அவ்வளவு நெகிழ்வான சொல் அது.

இயேசுவின் காலத்துக்கு வருவோம். கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பே எருசலேமைப் பிடித்தார். கி.மு. 40-இல் ரோம செனட் ஏரோதுக்கு யூதரின் ராஜா என்ற பட்டத்தைக் கொடுத்தது. தாவீதின் வம்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஏரோது கி.மு. 4-இல் செத்ததும் ஆங்காங்கே கலகம். ஒரு முன்னாள் அரண்மனை அடிமை தலையில் கிரீடம் வைத்துக்கொண்டான், ஒரு ஆட்டிடையன் தன்னை ராஜா என்றான். நாசரேத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த செப்போரிஸ் நகரில் ஆயுதக் கிடங்கையே சூறையாடினார்கள். ரோமர்கள் வந்து அந்த ஊரைக் கொளுத்தினார்கள். கலகத்துக்காக ஏறக்குறைய 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். ராஜா என்ற சொல் அந்த மண்ணில் எவ்வளவு ஆபத்தானது என்று இதிலிருந்து புரியும். அந்தச் சொல்லுக்கு ரோமிடம் ஒரே பதில்தான் இருந்தது, இரண்டு மரத்துண்டுகள்.

இந்தச் சூழலில்தான் இயேசு கலிலேயாவில் ‘தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று’ என்று பேசத் தொடங்குகிறார். இங்கே நம் தமிழே கொஞ்சம் வழி தவறவைக்கும். ராஜ்யம் என்றால் எல்லை போட்ட நிலம் என்று தோன்றும். பரலோகராஜ்யம் என்றால் செத்த பிறகு போகும் ஊர் என்று தோன்றும். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் ‘பசிலேயா’. அதற்கு நிலப்பரப்பைவிட ஆளும் செயல் என்ற பொருளே முன்னால் நிற்கும். அதனால்தான் கத்தோலிக்கர்கள் இப்போது ‘இறையாட்சி’ என்கிறார்கள். அவர்கள் ஜெபத்தில் ‘உமது ஆட்சி வருக’, மற்றச் சபைகளில் ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’. என்னைக் கேட்டால் இந்த ஒரு விஷயத்தில் ‘ஆட்சி’தான் நல்ல மொழிபெயர்ப்பு. கடவுளின் சொல் எங்கே நடக்கிறதோ அங்கே அவர் ஆட்சி. அது கடுகு போல, புளித்த மாவு போலச் சத்தமில்லாமல் வளரும் என்று இயேசு உவமை சொன்னார்.

அப்படியானால் அவர் தன்னை மேசியா என்று சொன்னாரா? விசித்திரம் என்னவென்றால், அந்தப் பெயரிடமிருந்து அவர் விலகி விலகிப் போகிறார். ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்ததும் கூட்டம் அவரைப் பிடித்து ராஜாவாக்கப் பார்க்கிறது. அவர் தனியாக மலைக்கு ஏறிவிடுகிறார். பிலிப்பு செசரியா பக்கத்தில் பேதுரு ‘நீர் கிறிஸ்து’ என்று சொன்னதும், யாருக்கும் சொல்லாதீர்கள் என்கிறார். உடனே தான் பாடுபட்டுச் சாக வேண்டும் என்று பேசுகிறார். பேதுரு தடுக்கப் போய், ‘எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே’ என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். பேதுருவுக்குச் சொல் சரியாக வந்துவிட்டது, அதன் பொருள் வரவில்லை.

பொருள் வராதவர்கள் இன்னும் இருவர், யாக்கோபும் யோவானும். நீர் மகிமையில் உட்காரும்போது ஒருவன் உம் வலது பக்கமும் இன்னொருவன் இடது பக்கமும் உட்கார வேண்டும் என்று கேட்கிறார்கள். மந்திரி பதவிக்கு முன்பதிவு! நீங்கள் கேட்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியவில்லை என்கிறார் இயேசு. உலகத்து அதிகாரிகள் ஜனங்களை இறுக்கி ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கக் கூடாது. மனுஷகுமாரன் (தன்னைத்தான் அப்படிச் சொல்கிறார்) ஊழியம் கொள்ள வரவில்லை, ஊழியம் செய்யவும் தன் ஜீவனைக் கொடுக்கவும் வந்தார் என்கிறார். சாமுவேலின் பட்டியலில் இருந்தது எடுத்துக்கொள்ளும் ராஜா. இங்கே கொடுக்கும் ராஜா.

இந்தச் சம்பவத்தைத் தன் சுவிசேஷத்தில் எழுதிய மாற்கு இதோடு விடவில்லை. ஐந்து அதிகாரம் தள்ளி, சிலுவைக் காட்சியில், இரண்டு கள்ளர்களை அறைந்தார்கள், ‘ஒருவனை வலது பக்கம், ஒருவனை இடது பக்கம்’ என்று எழுதுகிறார். அந்த இரண்டு இடங்கள் யாருக்குப் போயின என்று பாருங்கள். அவர் மகிமையில் அமர்ந்த இடமே அதுதான் என்று மாற்கு நினைக்கிறார் என்பது என் வாசிப்பு.

குருத்தோலை ஞாயிறு ஊர்வலம் இங்கே எல்லாருக்கும் தெரியும். நாம் தென்னங்குருத்தில் சிலுவை முடைகிறோம். எருசலேமில் அது பேரீச்ச மட்டை. யூதருக்கு அது வெறும் அலங்காரம் இல்லை. அதற்கு ஏறக்குறைய 170 வருடம் முன்பு, மக்கபேயர் என்ற யூத விடுதலைப் போராளிகளில் ஒருவரான சீமோன் அந்நியப் படையை எருசலேம் கோட்டையிலிருந்து விரட்டிவிட்டு நுழைந்தபோது ஜனங்கள் பிடித்ததும் அதே மட்டைதான். ‘ஓசன்னா’ என்றால் ‘இப்போதே இரட்சியும்’. ஆகக் கூட்டத்தின் மனதில் ஓடியது விடுதலைப் போர். வந்தவரோ சகரியா பாடியபடி கழுதைக்குட்டியில் வந்தார். தான் ராஜா என்பதை மறுக்கவும் இல்லை, கூட்டம் நினைத்த ராஜாவாகவும் இல்லை.

சரி, எண்ணெய் எங்கே? அபிஷேகம் இல்லாமல் மேசியா உண்டா? யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது பரிசுத்த ஆவியால் அபிஷேகம் நடந்தது என்பது சபையின் பதில். ஆனால் உண்மையான எண்ணெயும் ஒருநாள் அவர் தலையில் விழுந்தது. சாவதற்குச் சில நாள் முன்பு, பெத்தானியாவில் ஒரு வீட்டில் சாப்பாடு. ஒரு பெண் வெள்ளைக்கல் பரணியோடு வருகிறாள். உள்ளே நளதத் தைலம். இமயமலைப் பகுதியில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வருவது, அதனால் யானை விலை. பரணியை உடைத்து, அவ்வளவையும் அவர் தலையில் ஊற்றுகிறாள். முந்நூறு தெனாரியத்துக்கு மேல் போகுமே என்று பக்கத்தில் இருந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். கூலிக்காரன் ஒருவனின் ஏறக்குறைய ஒரு வருட சம்பளம் அது. அவளை விடுங்கள், என் அடக்கத்துக்கு முன்னதாகவே தைலம் பூசிவிட்டாள் என்கிறார் இயேசு. ராஜாக்களுக்குத் தீர்க்கதரிசி செய்யும் சடங்கு, இங்கே பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு பெண்ணின் கையால் நடக்கிறது. பட்டாபிஷேகமும் பிணத்துக்குத் தைலம் பூசுவதும் ஒரே செயலாகிவிடுகின்றன. சுவிசேஷங்களில் இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைச் சொல்லும் இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் எல்லாம் தலைகீழான முடிசூட்டு விழாவாகவே நடக்கிறது. சிவப்பு அங்கி, முள்ளால் கிரீடம், செங்கோலுக்குப் பதில் ஒரு நாணல், முழங்காலிட்டு ‘வாழ்க’ சொல்லும் சிப்பாய்கள். விசாரணையில் பிலாத்து ‘நீ ராஜாவோ?’ என்று கேட்க, ‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல’ என்று பதில் வருகிறது. இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் இயேசுவுக்கும் உலக விவகாரங்களுக்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. மூலத்தில் இருப்பது, அவர் ஆட்சியின் பிறப்பிடம் இவ்வுலகம் இல்லை என்பதுதான். அப்படி இருந்தால் என் ஆட்கள் சண்டை போட்டிருப்பார்களே என்று அடுத்த வரியிலேயே விளக்கமும் இருக்கிறது. வேறு இடத்திலிருந்து வந்த ஆட்சி, வேறு வழியில் நடக்கும் ஆட்சி. ஆனால் நடப்பது இந்த மண்ணில்தான்.

சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளர்களில் ஒருவன் ‘நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்’ என்கிறான். பலகையில் எழுதியிருந்ததை அந்த நேரத்தில் நம்பிய ஒரே ஆள் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

கதை சிலுவையோடு முடிந்திருந்தால், செப்போரிஸ் கலகக்காரர்கள் பட்டியலில் இன்னொரு பெயர், அவ்வளவுதான். மூன்றாம் நாள் கடவுள் அவரை எழுப்பினார் என்பதே கிறிஸ்தவர்களின் அடிப்படைக் கூற்று. பிலாத்தின் தீர்ப்பைக் கடவுள் ரத்து செய்துவிட்டார். நீங்கள் சிலுவையில் அறைந்த இவரையே கடவுள் ஆண்டவரும் கிறிஸ்துவும் ஆக்கினார் என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசுகிறார். அவர் பரமேறித் தந்தையின் வலது பக்கம் அமர்ந்திருக்கிறார் என்பது இடத்தைச் சொல்வதல்ல, பதவியைச் சொல்வது. கான்ஸ்டான்டிநோபிளில் கி.பி. 381-இல் கூடிய சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணத்தில் ‘அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை’ என்ற வரி வருகிறது. நாத்தானுக்கு வந்த அந்த ‘என்றென்றைக்கும்’ அங்கே போய்ச் சேர்ந்தது.

இங்கே யூதர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. மேசியா வந்தால் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்கும், பட்டயங்களை மண்வெட்டியாக அடிப்பார்கள் என்று ஏசாயா சொன்னாரே, அதெல்லாம் எங்கே? உலகம் அப்படியேதானே இருக்கிறது? அதனால்தான் அவர்கள் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை. கிறிஸ்தவர்களின் பதில்தான், நான் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த இடைவெளி. தாவீதின் தலையில் எண்ணெய் ஊற்றியாயிற்று, சவுல் இன்னும் அரியணையில் இருக்கிறார். அதுபோல, ராஜா யார் என்பது முடிவாகிவிட்டது. அவர் ஆட்சி எல்லார் கண்ணுக்கும் தெரியும் நாள் இன்னும் வரவில்லை. சகல சத்துருக்களையும் பாதத்தின் கீழ் போடும்வரை அவர் ஆளுகை செய்ய வேண்டும், கடைசிச் சத்துரு மரணம் என்று பவுல் எழுதுகிறார். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் ஆயிர வருட அரசாட்சியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் சபைகளுக்குள் பெரிய சண்டையே உண்டு. சிலருக்கு அது வரப்போகும் காலம், சிலருக்கு இப்போதே நடக்கும் சபையின் காலத்துக்கான உருவகம். ஆரம்பத்திலேயே அதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் யோசனை.

இந்த இடைக்காலத்தில், மேலே ஒரு ராஜா இருக்கிறார் என்று நம்புவது கீழே இருக்கும் ராஜாக்களுக்குத் தலைவலி. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் ஆயர் பாலிகார்ப்பை, கிறிஸ்துவைப் பழித்துப் பேசு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். 86 வருடம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்குத் தீங்கு செய்யவில்லை, என்னை மீட்ட என் ராஜாவை எப்படிப் பழிப்பேன் என்றார் கிழவர். எரித்தார்கள். 1934 மே மாதம், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறுவருடம், ஜெர்மனியின் பார்மென் நகரில் கூடிய புராட்டஸ்டண்ட் சபையார், வாழ்வின் எந்தப் பகுதியிலும் கிறிஸ்துவைத் தவிர வேறு எஜமானர்களுக்கு நாம் உரியவர்கள் அல்ல என்று அறிக்கை விட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. அதே ராஜாவின் பேரால் படையெடுத்தவர்கள், சிலுவையைக் கொடியில் தைத்துக்கொண்டு பிறர் நிலத்தைப் பிடித்தவர்கள் பட்டியல் நீளமானது. ‘என் ஆட்கள் சண்டை போட்டிருப்பார்களே’ என்ற வரி அவர்கள் பைபிளிலும் இருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கென்று ஒரு விழாவே வைத்திருக்கிறது. ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய மகுடங்கள் உருண்டு, முசோலினி போன்றவர்கள் எழுந்துகொண்டிருந்த நேரத்தில், 1925 டிசம்பரில், பதினோராம் பத்திநாதர் என்ற போப் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தினார். இப்போது அது திருவருகைக் காலத்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் வாரங்களுக்கு, முந்தைய ஞாயிறு அன்று வருகிறது. அன்றைக்கு வாசிக்கும் நற்செய்தி மூன்று வருடச் சுற்றில் மாறும். ஒரு வருடம் பிலாத்துவின் விசாரணை. ஒரு வருடம் அந்தக் கள்ளனின் வேண்டுதல். இன்னொரு வருடம் மத்தேயு 25: அங்கே ராஜா சிங்காசனத்தில் இருக்கிறார், ஆனால் விசாரிப்பதெல்லாம் பசித்தவனுக்குச் சாப்பாடு போட்டாயா, ஜெயிலில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்றுதான். அங்கே பசித்திருந்ததும் ஜெயிலில் கிடந்ததும் நான்தான் என்கிறார் ராஜா.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில், கிரேக்கத்துக்கு நடுவே ஓர் அரமேயச் சொல்லை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்: மாரநாதா. இயேசுவின் முதல் சீடர்கள் பேசிய மொழி அது. நம் ஊரில் ஜெபக்கூட்டங்களிலும் வேன் கண்ணாடிகளிலும் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். பழைய கையெழுத்துப் பிரதிகளில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதும் வழக்கம் இல்லை. அதனால் இதை எங்கே பிரிப்பது என்று இன்றும் பேச்சு நடக்கிறது. ‘மாரன் அதா’ என்று பிரித்தால், நம் ஆண்டவர் வந்துவிட்டார். ‘மாரனா தா’ என்று பிரித்தால், எங்கள் ஆண்டவரே, வாரும்.